மூன்று மணிக்கு நின்றுபோகும் ஏசி

கேக் அத்தை வீட்டு ஏசி மறுபடியும் நின்றுபோன செய்தி, பத்தாவது நிமிடத்தில் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டது. இருபதாவது நிமிடத்தில் மேல் வளைவுப் பேருந்து நிறுத்தத்தை எட்டிவிட்டது. அந்த மலைச்சரிவுத் தெருவில் தண்ணீர்தான் மேலே ஏறச் சிரமப்படும். செய்தி ஏறுவதற்கு மோட்டார் எதுவும் வேண்டாம்.

"நாலாவது தடவை!" என்றார் கண்டக்டர் தாத்தா, அன்று சாயங்காலம் நிறுத்தத்துப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் கேக் அத்தையின் மாமனார் அவர். முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. அவருடைய குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"அந்தப் பொண்ணு நாலு தடவை வந்து பார்த்துட்டுப் போயாச்சு. என்ன பிரயோஜனம்? மூணு மணி ஆனா டாண்ணு நின்னுடுது. நான் முடிவு பண்ணிட்டேன். கீழே டவுன்லேருந்து கம்பெனி ஆள் நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றான்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். கேட்பதற்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர்கூட எழுந்து வீட்டுக்குப் போகவில்லை.

பெஞ்சுக்குப் பின்னால் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதை யாரும் சொல்வதில்லை. 'உடும்பு' என்றால்தான் தெரியும். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று அவள் அப்பாவே வைத்த பட்டம் அது. கண்டக்டர் தாத்தா சொன்ன 'அந்தப் பொண்ணு', உடும்பின் அம்மா.

அம்மா ஏசி மெக்கானிக். டவுன் கடை ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவர், நான்கு மாதங்களுக்கு முன்புதான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார். அவருடைய ஸ்கூட்டரின் முன்பக்கம் பெரிய எழுத்தில் போன் நம்பர் இருக்கும். பக்கவாட்டில் மடக்கு ஏணி தொங்கும். "மலையில போய் ஏசியா!" என்று ஒரு காலத்தில் சிரித்த தெருதான் அது. இப்போது ராத்திரிக்குக் கம்பளி, மதியத்துக்கு ஏசி என்று ஆகிவிட்டது. ஆறு வீடுகளில் ஏசி ஓடுகிறது.

உடும்பு வீட்டுக்கு ஓடினாள். அம்மா கருவிப் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்கு கம்பெனி ஆள் வர்றாராம்."

"தெரியும். இதுவரைக்கும் மூணு பேர் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. 'விஷயம் தெரியுமா'ன்னு கேட்கிறதுல அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!"

"ஏசிக்கு என்னதான்மா ஆச்சு?"

"அதுதான் தெரியலை. கேஸ் சரியா இருக்கு. கெபாசிட்டர் புதுசா மாத்திட்டேன். உள்ளே இருக்கிற பெட்டி, வெளியே இருக்கிற பெட்டி ரெண்டையும் கழுவிட்டேன். காலையில ஓட்டிப் பார்த்தா குதிரை மாதிரி ஓடுது. அவங்க கூப்பிட்டு நான் அஞ்சு மணிக்குப் போனாலும் ஓடுது. நடுவுலதான் ஏதோ ஆகுது."

"நடுவுல நீ இருந்து பார்க்க வேண்டியதுதானே?"

"எப்படி முடியும்? மதியம்தான் எல்லாருக்கும் ஏசி வேணும். மதியம்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுறாங்க. நாளைக்கும் மேல் சரிவுல ரெண்டு வீட்டுக்குப் போகணும்." அம்மா ஒரு ஸ்பேனரைத் துடைத்ததையே மறுபடி துடைத்தார். "கம்பெனி ஆள் வந்து ஒரே ஒரு ஸ்குரூவைத் திருப்பினாலும் போதும். அவர்தான் சரி பண்ணினார்னு பேர் ஆயிடும். அப்புறம் இந்தத் தெருவுல யார் என்னை நம்பிக் கூப்பிடுவாங்க?"

உடும்பு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"நாளைக்கு எனக்கு லீவு" என்றாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் உடும்பு கேக் அத்தை வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில்.

"அத்தை, ஏசி எப்படி நிக்குதுன்னு நான் பார்க்கணும்."

கேக் அத்தையின் மூக்கு நுனியில் வெள்ளையாகக் கிரீம் ஒட்டியிருந்தது. மேசைமேல் மூன்று அடுக்குக் கல்யாணக் கேக் ஒன்று பாதி அலங்காரத்தோடு நின்றது.

"பாரு. ஆனா ஸ்டூலை விட்டு இறங்கக் கூடாது. கேக்கைத் தொடக் கூடாது. இருமக்கூடக் கூடாது. நாளைக்குக் காலையில இது போயாகணும்."

உடும்பு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். ஏசியையே பார்த்தாள். ஏசியும் அவளைப் பார்த்து ஜில்லென்று ஊதியது. பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை. நோட்டில் ஒவ்வொரு முறையும் 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதினாள். நான்காவது முறை கை வலித்து, 'அதேதான்' என்று எழுதினாள்.

இரண்டு மணிக்கு வெளியே 'படபட'வென்று சத்தம். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தினமும் அந்த நேரத்துக்குச் சமவெளியிலிருந்து காற்று கிளம்பி, செம்மண் தூசியை வாரிக்கொண்டு மலையேறும். நான்கு மணிவரை அதன் ராஜ்ஜியம்தான். அதனால் இரண்டு மணி ஆனால் தெருவே வெளியே வந்து, வெளியில் இருக்கும் எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடும். ஸ்கூட்டர், தண்ணீர் டிரம், நாய்க்கூண்டு, ரோஜாத் தொட்டி எல்லாவற்றுக்கும் உறை உண்டு. மூடாத வீட்டைப் பார்த்தால் "என்ன, ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்பார்கள்.

இரண்டரைக்கு ஏசிக் காற்றில் ஜில்லிப்பு குறைந்தது. மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது வெறும் சூட்டுக் காற்றுதான் வந்தது.

"போச்சு!" என்று கேக் அத்தை தலையில் கை வைத்தார். இப்போது நெற்றியிலும் கிரீம். "கிரீம் இளக ஆரம்பிச்சுடும்!"

உடும்பு ஸ்டூலிலிருந்து குதித்து வெளியே ஓடினாள். அறைக்குள் இருக்கும் சூட்டை வாங்கி வெளியே ஊதித் தள்ளுவது வெளிப்பெட்டிதான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்றால் வெளியேதான் பார்க்க வேண்டும்.

வீட்டின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். வெளிப்பெட்டியைக் காணோம்.

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டு வீட்டை இன்னொரு சுற்று வந்தாள். அவ்வளவு பெரிய பெட்டி எங்கே போகும்? திருடன் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அந்தத் தெருவுக்கு முந்தின நாளே தெரிந்திருக்குமே!

பக்கவாட்டுச் சந்தில் நின்று, மூடியிருந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள். நீளமாக இருப்பது ஸ்கூட்டர். உருண்டையாக இருப்பது டிரம். கூம்பாக இருப்பது நாய்க்கூண்டு. சுவரோடு ஒட்டிச் சதுரமாக, நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறதே, அது என்ன? அதன் அடியிலிருந்து இரண்டு குழாய்கள் சுவருக்குள் போயின.

உடும்பு ஓரத்தை லேசாகத் தூக்கினாள். அடுப்பைத் திறந்தது போலச் சூடு முகத்தில் அடித்தது.

தினமும் பார்க்கும் உறைதான். தினமும் பார்ப்பதாலேயே யார் கண்ணிலும் படவில்லை. அம்மா காலையில் வரும்போது அது இருக்காது. ஐந்து மணிக்கு வரும்போதும் இருக்காது. ஏனென்றால் நான்கு மணிக்கு அதைக் கழற்றி, சட்டை மாதிரி மடித்து வைக்கும் ஒருவர் அந்த வீட்டில் இருந்தார்.

"ஏய், என்ன பண்றே அங்கே?" சந்தின் முனையில் கண்டக்டர் தாத்தா. "அதை அவுக்காதே! உள்ளே தூசி போயிடும்."

"தாத்தா, இங்க கொஞ்சம் கை வைங்களேன்."

தாத்தா கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "அப்பா! என்ன இது, இப்படிக் கொதிக்குது?"

"தாத்தா, பஸ் ரேடியேட்டரைக் கம்பளி போட்டு மூடிட்டா மலை ஏறுமா?"

"ஏறுமாவது! மூணாவது வளைவுலயே எஞ்சின் சூடேறிப் புகை கக்கிட்டு நின்னு..." தாத்தா பாதியில் நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார். கயிற்று முடிச்சைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சுதான், வேறு யாருக்கும் அவ்வளவு அழகாக வராது.

"நானா?" என்றார். அவர் குரல் இவ்வளவு சிறியதாகவும் வரும் என்பது உடும்புக்கு அன்றுதான் தெரிந்தது.

இருவரும் சேர்ந்து உறையைக் கழற்றினார்கள். பெட்டி சூடு தணிந்து, கால் மணி நேரத்தில் 'உர்ர்ர்' என்று மறுபடி சுற்றத் தொடங்கியது. உள்ளேயிருந்து கேக் அத்தையின் கூச்சல் கேட்டது. "ஜில்லுன்னு வருது! மாமா, ஜில்லுன்னு வருது!"

தாத்தா குனிந்து ரகசியமாகச் சொன்னார். "பாப்பா, இது நமக்குள்ளயே இருக்கட்டும். இனிமே நான் மூடலை. தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாம். என்ன?"

"அப்போ எங்க அம்மா?"

தாத்தா கழற்றிய கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தாத்தா. நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்ற வரைக்கும் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்."

சொன்னபடியே வாசற்படியில் உட்கார்ந்தாள். தாத்தா உள்ளே போனார், வெளியே வந்தார். ஒரு தட்டில் பெரிய கேக் துண்டு கொண்டுவந்து நீட்டினார். உடும்பு அதை வாங்கிச் சாப்பிட்டாள். விரலையும் நக்கினாள். இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை.

கேக் அத்தை எட்டிப் பார்த்தார். "ஏய், நீ என்னடி மாயம் பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலை அத்தை. தாத்தாதான் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

தாத்தாவுக்குப் புரை ஏறியது. "அது... குடிக்கத் தண்ணி வேணும்னு சொல்ல வந்தேன்."

மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். மணி ஐந்து ஆனது.

கம்பெனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலையில் தொப்பி, முதுகில் பெரிய பை. அவ்வளவுதான், தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கமாக ஏதோ வேலை வந்துவிட்டது. தெருமுனைக் கடை மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"இது மேட்டு ஊர் சார்" என்றார் கம்பெனி ஆள், வெளிப்பெட்டியைத் தட்டிக்கொண்டே. "இங்கே கேஸ் கணக்கெல்லாம் வேற மாதிரி. மொத்தமா இறக்கிட்டுப் புதுசா ஏத்தணும். முன்னாடி பார்த்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சரியாக அந்த நேரத்தில் மேலேயிருந்து அம்மாவின் ஸ்கூட்டர் இறங்கி வந்தது. கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனார்.

உடும்பு தாத்தாவைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள்.

"ஹோல்டே...ன்!"

பேருந்தை நிறுத்தச் சொல்லிப் பழகிய முப்பது வருடத்துக் குரல் சரிவு முழுக்க எதிரொலித்தது. அம்மாவின் ஸ்கூட்டர் நின்றது. சும்மா அந்த வழியே போன ஒரு சைக்கிளும் பயந்து நின்றது.

"தம்பி, பையை மூடு" என்றார் தாத்தா. "இந்த ஏசிக்கு ஒரு நோயும் இல்லை. நான்தான் நோய். தூசி படக் கூடாதுன்னு தினமும் ரெண்டு மணிக்கு இதுக்கு உறை போட்டு மூச்சடைக்க வச்சது நான்தான். அந்தப் பொண்ணு நாலு தடவையும் சரியாத்தான் பார்த்திருக்கு. பெஞ்சில உட்கார்ந்து அவங்களைப் பத்தி நான் பேசினதெல்லாம் தப்பு."

கடை மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏசிக்குப் போர்வையா! என்ன கண்டக்டரே, அதுக்குக் குளிருமா?"

தாத்தாவின் முகம் வாடிவிட்டது. உடும்பு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"தாத்தா நல்லதுன்னு நினைச்சுத்தான் மூடினார். ஏன் மாமா, உங்க வீட்டு வெளிப்பெட்டியையும் மூடித்தானே வச்சிருக்கீங்க? நீலக் கலர் தார்ப்பாய்?"

கடை மாமாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி வேகமாகக் கிளம்பினார்கள்.

கம்பெனி ஆள் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அம்மா எழுதி ஒட்டியிருந்த கேஸ் அளவுச் சீட்டைப் படித்தார். அதற்குள் அம்மாவும் திரும்பி வந்திருந்தார். "கணக்கு சரியாத்தான் போட்டிருக்கீங்க மேடம். எனக்கு இங்கே வேலையே இல்லை" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கேக் அத்தை அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

அம்மா வெளிப்பெட்டியின் முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்தார். சூடான காற்று விரல்களுக்கு நடுவே போனது.

"நல்ல சூடு!" என்று சிரித்தார். ஏசி வீட்டில் நின்றுகொண்டு சூட்டுக்குச் சந்தோஷப்படும் ஆளை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

மறுநாளும் இரண்டு மணிக்குக் காற்று வந்தது. தெருவே வெளியே வந்து எல்லாவற்றையும் மூடியது. ஆறு சதுரப் பெட்டிகள் மட்டும் திறந்தபடி, நிம்மதியாக ஊதிக்கொண்டிருந்தன. "நாங்க எப்பவுமே மூடினதில்லையே" என்று மூன்று வீட்டுக்காரர்கள், யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி அம்மா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. கடை மாமா. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இல்லைம்மா. எங்க வீட்டு ஏசி மதியத்துல நின்னு நின்னு போகும். 'மேட்டு ஊர்ல ஏசி இப்படித்தான்'னு விட்டுட்டோம். இன்னிக்கு நிக்கவே இல்லை. அடுத்த வாரம் வந்து ஒருமுறை கழுவிக் குடுத்துடுங்க. வேற யாரையும் நான் கூப்பிடப்போறதில்லை."

அம்மா போனை வைத்தார். உடும்பின் தட்டில் ஒரு கரண்டி சோறு, தன் தட்டில் ஒரு கரண்டி சோறு போட்டார்.

"நல்லாச் சாப்பிடுடி" என்றார். "இந்தத் தெருவுல நமக்கு இன்னும் நிறைய வேலை இருக்கு."