பத்தாம் நாள் கல்

அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்த பாவி நான்தான்.

மாமனார் ராமசுப்ரமணியன் மாம்பலத்தில் காலமானபோது என் கணவர் பத்ரிக்கு விசா சிக்கல். போனால் திரும்ப முடியாது. ஒரே பிள்ளை, என்ன செய்வார்? கலிஃபோர்னியா டப்ளினில் நாங்கள் புதிதாகக் குடிவந்த பழைய வீட்டின் கராஜிலேயே காரியத்தைத் தொடங்கினார்.

"கல்லுல அப்பாவை வரவழைக்கறோம்" என்றார் வீடியோ காலில் சாஸ்திரிகள். "தினம் எள்ளுத் தண்ணி விடணும். அவர் தாகம் அதுலதான் தீரும். பத்தாம் நாள் கல்லைக் கடல்ல விட்டுடுங்கோ."

மாமனார் தண்ணீரை வாய்திறந்து கேட்கவே மாட்டார். இரண்டு முறை செருமுவார், நான் சொம்போடு ஓடுவேன்.

தோட்டத்து வேலியோரம் கிடந்த கையளவு கல்லை மண்ணோடு எடுத்து வந்து பூந்தொட்டியில் ஊன்றினேன்.

நான்காம் நாளிலிருந்து தண்ணீர் தங்கவில்லை. ஊற்றிய நொடியே மண் வறண்டது. மூடிய கராஜில் ஈரக் கம்பளி நாற்றம்.

ஏழாம் நாள், மடக் மடக்கென்று யாரோ குடிக்கும் சத்தம்.

"பைப்பா இருக்கும், சும்மா இரு வானு" என்றார் பத்ரி. அவர் முகம் வெளுத்திருந்தது.

பத்தாம் நாள் காலை கல்லைப் பிடுங்கினார். புதைந்திருந்த பக்கத்தில் பாதிச் சிலுவை, கீழே வளைந்த எழுத்துகள். மகள் தீக்ஷா ஃபோனில் தேடினாள்.

"அம்மா, இட்ஸ் ஐரிஷ். தௌசண்ட் இயர்ஸ் ஓல்ட் கிரேவ் ஸ்டோன். 'ப்ரே ஃபார்'னு இருக்கு. நேம் உடைஞ்சு போச்சு."

முன்பு இந்த வீட்டில் இருந்தவர் ஐரிஷ்காரர்; அவர் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி ஆயிரம் வருஷமாக ஒருவன் காத்துக் கிடந்த கல்.

ஐயோ, யாருக்கு ஊற்றினோம்?

பத்ரி கல்லோடு கடலுக்குக் கிளம்பினார். மதியம் மாமியார் பர்வதம் அழைத்தார். அங்கே நடுநிசி.

"வானு, அவர் இப்பதான் கனவுல வந்தார்டி. உதடெல்லாம் வெடிச்சிருக்கு. வாய்கிட்ட கொண்டுபோறச்சே யாரோ பிடுங்கிக் குடிச்சுடறானாம். நீங்க தண்ணி விட்டேளா, இல்லையா?"

கராஜுக்கு ஓடினேன். தொட்டியில் கல் இருந்த குழி மட்டும். ஒரு சொம்பு ஊற்றினேன்.

"மாமா, இது உங்களுக்கு."

மடக். மடக்.

மண் வறண்டது.

பிறகு தொட்டிக்குள் யாரோ இரண்டு முறை செருமினார்.