நெய் பட்ட தாள்

பிற்பகல் 1:52.

பெட்டி இருந்தது. பதக்கம் இல்லை.

ரெக்ஸ்டேல் பக்கத்துச் சீக்கியக் கோயிலான குருத்வாரா ஒன்றின் செருப்பு வைக்கும் அறை. வரிசையாகக் கோட்டுகள் கொழுவியிருந்த இடத்தில் டெனிஸ்டன் நின்றார். தலையில் செம்மஞ்சள் துணி. கையில், தன் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் திறந்த ஒரு சின்ன நீலப் பெட்டி. அதற்குள் கசங்கிய வெள்ளை மென்தாள் மட்டும்.

"போயிட்டுது," என்றார்.

"என்ன போயிட்டுது?" தங்கை செலீன் ஒரு சப்பாத்தை மாட்டியபடி கேட்டாள்.

"பதக்கம்."

செலீன் மற்றச் சப்பாத்தை மறந்தே போனாள்.

அன்றைய பயணமே அந்தப் பதக்கத்துக்காகத்தான். யூனியன்வில்லில் இருக்கும் டெனிஸ்டன் ஓய்வு பெற்றபின் பழைய நாணயமும் பதக்கமும் சேர்ப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் ஏலத்தில் ஒரு வெள்ளிப் பதக்கம் எடுத்தார். முதல் உலகப் போரில் நின்ற ஒரு சீக்கியச் சிப்பாயின் பெயரும் படையும் அவருடைய எண்ணும் அதன் விளிம்பில் வெட்டியிருந்தன. தேடித் தேடி, பிரம்ப்டனில் குல்வந்த் கோர் என்ற அம்மாவைக் கண்டுபிடித்தார். சிப்பாயின் பேத்தி. இன்று மூன்று மணிக்கு, இதே கட்டடத்து நூலக அறையில், பதக்கத்தை அவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. அவர் அதை அங்கேயே வைக்க, அவர் பெயர் எழுதிய கண்ணாடிப் பேழைகூடத் தயார்.

போகிற வழியில் நகரத்தின் சீக்கிய இடங்களையும் பழைய இடங்களையும் பார்த்துவிடலாம் என்று ஸியாத்தின் வான் வண்டியை நாள் முழுவதும் பிடித்திருந்தார். ஸியாத் ஆறு வருடமாக இந்தச் சுற்றுலாவைத் தமிழில் நடத்துகிறவன். செலீன் துணைக்கு வந்தாள். அவள் தன் சிநேகிதி கோணேஸ்வரியையும் இழுத்து வந்தாள்.

கோணேஸ்வரி இருபத்தாறு வருடம் பஸ் நிறுவனமொன்றின் தொலைந்த பொருட்கள் கவுண்டரில் இருந்தவள். குடை, பல்செட், ஒருமுறை உயிருள்ள ஆமை. அழுதுகொண்டு வருகிற எவரிடமும் அவள் கேட்பது ஒன்றுதான்: கடைசியாகக் கை என்ன செய்துகொண்டிருந்தது?

"தம்பி, நீர்தானே கோட்டுகளுக்குக் காவல்?" செலீன் ஸியாத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அன்ரி. இஞ்சதான் இருந்தன்."

"முழு நேரமும்?"

"பகல் லுஹர் தொழ மட்டும் போன. ஒரு பத்து நிமிஷம். இஞ்சத்தப் பெரியவர் மூலை ரூம் ஒண்டு தந்தார்."

"நீர் சொல்லுறீர்."

"அவரிட்டயே கேளுங்க அன்ரி."

டெனிஸ்டன் கோட்டு வரிசையைப் பார்த்தபடி நின்றார். செலீன் பெட்டியைப் பறித்துத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"இஞ்ச பார் கோணேசு! எண்ணெய்!"

தாளின் ஓரத்தில் ஒரு பெருவிரல் அளவுக்கு வெள்ளை போய், அப்பால் இருக்கிற ஜன்னல் தெரிந்தது. கோணேஸ்வரி வாங்கி மணந்து பார்த்தாள். நெய். வறுத்த கோதுமை மா. மண்டபத்தில் எல்லோருக்கும் கொடுத்த பிரசாதத்தின் மணம்.

"இந்தத் தாள் எப்ப சுத்தினது, அண்ணை?"

"காலமை. புதுத்தாள்," என்றார் டெனிஸ்டன்.

"அப்ப பிரசாதம் தொட்ட கைதான் பெட்டியைத் திறந்திருக்கு."

"அதுதானே நானும் சொல்லுறன்!" செலீனின் குரல் ஏறியது. "அண்ணைக்குச் சீனி வருத்தம், ஒரு விள்ளல்கூட வாயில வைக்கேல்லை. நானும் நீயும் சாப்பிட்டம். ஆனா எழும்பினதிலயிருந்து ஒட்டின மாதிரி ஒண்டாத்தான் திரிஞ்சம். மிச்சம் ஆர்? ஒரு டப்பா நிறைய அள்ளிக்கொண்டு வந்தது ஆர்?"

எல்லோர் கண்ணும் ஸியாத்தின் மேல்.

"நான் சாப்பிடல்ல," என்றான் அவன்.

"கையில டப்பாவோட சாப்பிடேல்லையோ? ஏன்?"

அவன் வாய் திறந்து மூடினான். காது மடல்கள் சிவந்தன.

"சரி. மூண்டு மணிக்கு அந்த மனுசி வருவா. அதுக்குள்ள சாமான் வராட்டி பொலிசுக்குப் போன் அடிப்பன்."

பிற்பகல் 2:05.

கோணேஸ்வரி ஸியாத்தைக் கை கழுவும் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"பயமோ தம்பி?"

"பொலிசுக்குப் பயமில்ல அன்ரி. வந்து உடுப்பக் கழட்டித் தேடட்டும். ஆனா நாளண்டைக்கு வேற ஆக்களக் கூட்டிக்கொண்டு இந்த வாசலால எந்த முகத்தோட வாற? என்ன நம்பித் தொழ இடம் தந்த ஆக்கள்." தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். "எடுக்கல்ல எண்டு எத்தின பேருக்கிட்டச் சொல்லித் திரிய?"

"ஏன் சாப்பிடேல்லை எண்டு செலீனுக்குச் சொல்லலாமே?"

"அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது."

அவள் மேலே கேட்கவில்லை. மர வாங்கில் போய் உட்கார்ந்து, தொலைந்த குடையைத் தேடுவதுபோல அந்த நாளைத் தொடக்கத்திலிருந்து பிரித்துப் பார்த்தாள்.

காலை 9:40. கோப்பிக் கடை. ஸியாத் மூன்று கோப்பிகளோடு வந்தான். "உமக்கு?" "பிறகு அன்ரி." டெனிஸ்டன் இடுப்பில் கட்டியிருந்த பையைத் திறந்து, விரலைக் குத்தி, மெஷினைப் பார்த்து, "ஆறு தசம் எட்டு, பரவாயில்லை," என்று அதே பையிலிருந்து மருந்துக் குளிசை ஒன்றைப் போட்டார். "இடுப்பில ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டு திரியிறார்," என்று செலீன் சிரித்தாள்.

காலை 10:30. ஃபோர்ட் யோர்க். ஏரிக் காற்று காதை அறுத்தது. டெனிஸ்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பீரங்கிக்குப் பக்கத்துப் பலகையைச் சத்தமாக வாசித்தார். பிறகு பதக்கத்தைக் காட்டினார். அதில் ராசாவின் தலை மின்னியது. "விளிம்பில நம்பர் இருக்காமே அண்ணை, வாசியுங்கோவன்," என்றாள் கோணேஸ்வரி. "கண்ணாடி இல்லாமத் தெரியாது தங்கச்சி," என்று பெட்டியை மூடினார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. மறதியாக்கும் என்று அவள் அப்போது விட்டுவிட்டாள்.

காலை 11:15. பேப் அவெனியூ. நகரத்துச் சீக்கியர் முதன்முதலில் கூடி வழிபட்ட கட்டடத்துக்கு எதிரே, தொழிற்சாலைகளிலும் மர ஆலைகளிலும் வேலை செய்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கிய கதையை ஸியாத் சொன்னான். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கோணேஸ்வரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். "வேணாம் அன்ரி." மரக்கறி ரோல்ஸை நீட்டினாள். அதுவும் வேண்டாம்.

மதியம் 12:40. மண்டபம். தரையில் வரிசையாக இருந்தார்கள். நீலத் தலைப்பாகைப் பெரியவர் பிரசாதம் கொடுத்துக்கொண்டு வந்தார். அந்த இடத்து முறைப்படி இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். பிறகு...

கோணேஸ்வரி எழுந்தாள்.

பிற்பகல் 2:30.

"செலீன், கத்தாமக் கேள். ஸியாத், அந்த டப்பா எங்க?"

அவன் கோட்டுக் கம்பிக்குக் கீழிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துத் தந்தான். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே டப்பா விளிம்புவரை நிறைந்து, மேலே நெய் உறைந்து, ஒரு விரல் படாமல் இருந்தது.

"இதைக் கட்டித் தந்தது?"

"பெரியவர்தான். ஒவ்வொரு முறையும் பின்னேரத்துக்கு எண்டு கட்டித் தருவார்."

"காலமையிலயிருந்து இந்தப் பிள்ளை கோப்பி குடிக்கேல்லை. ரோல்ஸ் தொடேல்லை. தொண்டை அடைச்சும் தண்ணி குடிக்கேல்லை. இண்டைக்கு வியாழக்கிழமை. மில்லிக்கனில எனக்குப் பக்கத்து வீட்டு முஸ்லிம் மனுசி ஸித்தியும் திங்களும் வியாழனும் இப்பிடித்தான். கேட்டால் பசியில்லை எண்டுவா. கடமை நோன்பில்லை, தானா விரும்பிப் பிடிக்கிறது. அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டினம்."

ஸியாத் நிலத்தைப் பார்த்தான்.

"அப்ப நெய்?" என்றாள் செலீன். "ஒருத்தரும் சாப்பிடாம நெய் எப்பிடி வந்தது?"

"நீ சாப்பிட்டது ஆர் எண்டு தேடினாய். நானும் முதல் அப்பிடித்தான் தேடினன். ஏந்தினது ஆர் எண்டு தேடியிருக்க வேணும்." கோணேஸ்வரி டெனிஸ்டனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எனக்குச் சீனி எண்டு தமிழில சொன்னீங்கள், அண்ணை. அந்தப் பெரியவருக்கு அது விளங்கேல்லை. வைச்சிட்டார். ரெண்டு கையாலும் ஏந்தினீங்கள். 'தங்கச்சி, நீர் சாப்பிடும்' எண்டு முழுதையும் என்ர கையில போட்டீங்கள். பேப்பர் நப்கினையும் எனக்கே தந்தீங்கள். துடைக்காத கையோட எழும்பி என்ன சொன்னீங்கள்?"

டெனிஸ்டன் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"'மருந்து கோட்டுக்குள்ள கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்.' இவன் தொழப் போன நேரம். மருந்து கோட்டுக்குள்ள இல்லை அண்ணை. காலமையிலயிருந்து உங்கட இடுப்பில."

செலீன் அண்ணனைப் பார்த்தாள். அவருடைய கை தன்பாட்டில் இடுப்புப் பைக்குப் போயிருந்தது.

"அண்ணை?"

அவர் பையைத் திறந்தார். குளிசைப் பட்டைக்கும் சீனி பார்க்கிற மெஷினுக்கும் இடையில் பதக்கம் கிடந்தது.

"செவ்வாய்க்கிழமை அந்த மனுசி தன்ர பாட்டன்ர ஆர்மிப் பேப்பரைப் படமெடுத்து அனுப்பினவ," என்றார். "அதே பேர். அதே படை. நம்பர் வேற. ஆள் வேற." இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நாளா உங்கட பாட்டன்ர, உங்கட பாட்டன்ர எண்டு அவவுக்குச் சொல்லிக்கொண்டு இருந்திட்டன். துலைஞ்சு போச்சு எண்டால் எல்லாரும் பாவம் எண்டுவினம். பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அதுக்காக இந்தப் பிள்ளையை?" என்றாள் கோணேஸ்வரி.

"இவனை நான் நினைக்கவே இல்லை. ஆரோ வெளியாள் எண்டு போயிடும் எண்டு நினைச்சன். செலீன் இவனைச் சொன்ன உடன..."

"வாய் திறக்கேல்லை."

"திறக்கேல்லை."

செலீன் அப்போதும் ஒற்றைச் சப்பாத்தோடுதான் நின்றாள். ஸியாத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மெதுவாக அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கவுண்டரில இருந்த காலத்தில," என்றாள் கோணேஸ்வரி, "சாமான் வேற ஆளின்ரை எண்டு தெரிஞ்சால் ஒரு துண்டில எழுதிக் கட்டி வைப்பம். உரியவர் வரும்வரைக்கும். நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

பிற்பகல் 3:00.

குல்வந்த் கோர் சீவிய வெள்ளைத் தலையும் வெளிர்நீலத் துப்பட்டாவுமாக வந்திருந்தார். மடியில் பாட்டனாரின் படம், சட்டம் போட்டபடி. டெனிஸ்டன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். எண்ணைச் சொன்னார், ஒளித்ததைச் சொன்னார், ஸியாத்தைச் சொன்னார்.

அந்த அம்மா துப்பட்டாவின் நுனியால் படத்தின் சட்டத்தைத் துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமையே ஒரு போன் எடுத்திருந்தால், நான் அழுதிருப்பேன்," என்றார். "அவ்வளவுதான் நடந்திருக்கும்."

பிறகு பதக்கத்தை வாங்கி விளிம்பைத் தடவினார். "இந்த ஆளுக்கும் எங்கேயோ பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். பேழையில் இருக்கட்டும். பெயரும் நம்பரும் மட்டும் எழுதுங்கள். என்னுடைய பெயரை எடுத்துவிடுங்கள்."

எழுந்து போகும்போது ஸியாத்தின் முன்னால் நின்று, அவன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

பிற்பகல் 4:53.

நவம்பர் மாதத்துச் சூரியன் கார்கள் நிறுத்துமிடத்துக்கு அப்பால், நெடுஞ்சாலைப் பாலத்தின் பின்னால் இறங்கியது. ஸியாத் போனைப் பார்த்தான். வானின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தான், உதடு அசைந்தது, வாயில் போட்டான். கோணேஸ்வரியின் தண்ணீர்ப் போத்தலை இந்த முறை தானே கேட்டு வாங்கி ஒரே மூச்சில் பாதி குடித்தான்.

"தம்பி," என்று பின்னாலிருந்து செலீன் தொடங்கினாள். "நான் வந்து..."

"விடுங்க அன்ரி."

"விடேலாது. நான் சொன்னது பிழை. பொலிஸ் எண்டதும் பிழை."

"சரி அன்ரி."

டெனிஸ்டன் வானுக்கு வெளியே நின்றார். ஏறவில்லை. மன்னிப்பை எந்த வாசலால் தொடங்குவது என்று தெரியாதவர்போல இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

ஸியாத் இறங்கினான். பொலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்து, டப்பாவைத் திறந்தான். குளிரில் நெய் மணம் எழுந்தது. செலீனுக்குக் கொடுத்தான். கோணேஸ்வரிக்குக் கொடுத்தான். பிறகு டெனிஸ்டன் முன்னால் போய் நின்று, ஒரு விள்ளலை எடுத்து நீட்டினான்.

"எனக்கு..." டெனிஸ்டன் கைகளைப் பின்னுக்கு இழுத்தார். "எனக்குச் சீனி, தம்பி."

"சாப்பிட வேண்டாம் அண்ணை," என்றாள் கோணேஸ்வரி. "ஏந்துங்கோ."

அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.