பஹ்மி ஹாஜியாரின் வலது கை

மழை விட்டிருந்தது. கண்டியில் மழை விட்டது என்றால் கொஞ்சம் மெதுவாகப் பெய்கிறது என்று பொருள். அப்படியான ஒரு காலையில், மோட்டர் திருத்துகிற மரியநாயகம் தோளில் சாமான் பையும் தலையில் ஒரு பொலித்தீன் பையுமாக, கொழும்பு வீதியில் இருந்த பஹ்மி ஹாஜியாரின் புடவைக் கடைக்குள் ஏறினார்.

"எங்க மொதலாளி நம்ம நோயாளி?"

ஹாஜியார் நாடியை உயர்த்தி உள்ளே காட்டினார். "கடைசி ரூம்ல ஈக்கி. போய்ப் பாருங்க."

தெருவுக்கு ஒரு சிறிய முகத்தைக் காட்டிவிட்டு ரயில் பெட்டிபோல் பின்னுக்கு நீண்டுகொண்டே போகிற பழைய கடை அது. முன்பக்கம் வெளிச்சம், நடுவில் டியூப் லைட், கடைசி அறையில் பட்டப்பகலிலும் இருட்டு. அந்த அறையின் பின்சுவர் மலையோடு ஒட்டியிருந்ததால் வருசம் பூராவும் வியர்த்துக்கொண்டிருக்கும். ஹாஜியார் அதற்குள் கால் வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. கேட்டால் எலித்தொல்லை என்பார். எலிகள் என்ன காரணம் சொல்லின என்று தெரியவில்லை.

அந்தப் பழைய தையல் மிஷினை வெளியே எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அவருடைய மகள் நதா. கடையின் பேஸ்புக் பக்கம் அவள் பொறுப்பில் இருந்தது. மிஷினைத் துடைத்து, மோட்டரைத் திருத்தி, முன்கண்ணாடிக்குள் வைத்துச் சக்கரம் சுற்றவிட்டால் கலியாணச் சீசனில் சனம் நின்று போட்டோ பிடிக்கும் என்றாள். அவளுடைய கலியாணமும் அந்தச் சீசனில்தான். மகள் கேட்டதற்கு இல்லை என்று சொல்ல ஹாஜியார் எப்போதும் பழகியதில்லை.

மரியநாயகம் சாக்கை விலக்கினார். கறுப்பு மிஷின். உடம்பில் வரைந்திருந்த தங்கப் பூக்கள் பாதி அழிந்திருந்தன. ஊசிக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி, பாதித் தையலில் அப்படியே நின்றது.

"ஆரு மொதலாளி இத பாதில விட்டுட்டுப் போனது?"

ஹாஜியார் நிலைப்படிக்கு வெளியே நின்றபடி, "எனக்குத் தெரியா," என்றார்.

மோட்டரைக் கழற்றினால், உள்ளே வயர்களின் ரப்பர் பழைய பனங்கட்டிபோல் உதிர்ந்தது. மரியநாயகம் சந்தோசமாகச் சீட்டியடித்தார். நோய் எவ்வளவு மோசமோ அவருக்கு அவ்வளவு சந்தோசம். தேய்ந்த காபன் பிரஷ்ஷை மாற்றினார். வயரையெல்லாம் புதிதாக இழுத்தார். காயிலைத் துடைத்து வார்னிஷ் பூசினார். கடைசியாகப் பிளக்கைத் திறந்தவர் சீட்டியை நிறுத்தினார்.

"எர்த் வயர வெட்டியிருக்கு. வெட்டி, டேப்பும் சுத்தி வச்சிருக்கு. எந்த மடையன் செஞ்ச வேல?"

"ஆரோ வயரிங் பாஸ் ஒருத்தர்," என்றார் ஹாஜியார். "பியூஸ் எரிஞ்சி எரிஞ்சி போச்சிது. பெருநாள் சீசன். கடையே இருட்டாப் போற."

"பியூஸ் எரியிறது மோட்டர்ல பிழை இருக்குனு சொல்றதுக்குத்தானே. சொல்றவன் வாயப் பொத்திட்டா பிழை எங்க போகும்? மிஷின் ஒடம்பெல்லாம் கரண்ட் நிக்கும். கடவுளே, இதுல ஆரும் உக்காந்து தைக்கலயே?"

அறைக்குள் முடி கருகுகிற மணம் ஒன்று எழுந்தது.

மோட்டருக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை.

மரியநாயகம் எர்த் வயரைச் சேர்த்து, பிளக்கை மூடி, சுவிட்சைப் போட்டார். மிஷின் பூனைக்குட்டிபோல் உறுமியது. டெஸ்டரை உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். எங்கும் பற்றவில்லை.

"இனி பச்சப்புள்ளகூட தொடலாம். மொதலாளி, மொதத் தடவ ஒங்க கையால சுத்துங்க. திருத்துன சாமான சொந்தக்காரர்தான் தொடங்கி வைக்கணும். அது நம்ம தொழில் வழக்கம்."

வழக்கத்தை மறுக்க முடியவில்லை. ஹாஜியார் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு விரலால் சக்கரத்தைத் தொட்டார். குளிராக இருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் சிரித்து, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து மரியநாயகத்திடம் நீட்டினார்.

விரல்கள் பட்டன. மரியநாயகம் சுவரில் போய் மோதினார்.

அவர் எழும்பி, கோப்பையைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரை நெடுநேரம் பார்த்தார். டெஸ்டரை எடுத்து மெதுவாக ஹாஜியாரின் மணிக்கட்டில் வைத்தார்.

சின்னச் சிவப்பு வெளிச்சம் பற்றியது.

அன்றிலிருந்து ஹாஜியாரை யாரும் தொட முடியவில்லை. மனைவி ருஷ்தா சோறு பரிமாறும்போது கை பட்டு, கறிச்சட்டியோடு அலுமாரிவரை போனாள். அதற்குப் பிறகு மர அகப்பையை நீட்டித்தான் புருசனுக்குச் சோறு. வீட்டுப் பூனை அவருடைய மடியில் ஏறிய வேகத்தில் கூரைக்குப் போய், இறங்க மறுத்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வலியில்லை, நடுக்கமில்லை. நல்ல தடித்த ரப்பர் செருப்பாக வாங்கி, குளிக்கும்போதும் கழற்றாமல் திரிந்தார்.

இரகசியமாக டொக்டரிடமும் போனார். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். கடதாசியில் மேடும் பள்ளமும் வரவில்லை. சின்னச் சின்னக் கோடுகள், ஒரே அளவு, ஒரே இடைவெளி. டொக்டர் மிஷின் பழுது என்றார். ஹாஜியார் நாற்பது வருசப் புடவைக் கடைக்காரர். அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஓட்டுத் தையல்.

இதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். நிக்காஹ்வை என்ன செய்வது? பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துத்தான் மகளை ஒப்படைத்துச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஆகிப் அக்குறணையில் நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஆளும் மெலிவு. கறிச்சட்டியோடு ருஷ்தா அலுமாரிவரை போனாள் என்றால், இவன் அக்குறணைவரை போவான் என்று ஹாஜியார் கணக்குப் போட்டார்.

தம்பி பஹீமைத் தனக்குப் பதிலாக வைக்கலாம் என்று பார்த்தார். மார்க்கத்தில் அதற்கு இடமிருந்தது. நதாவிடம் இடமிருக்கவில்லை.

"சாச்சா கை குடுக்கிறண்டா எனக்கு நிக்காஹ்வே வாணாம். வாப்பா உயிரோட ஈக்கக்குள்ள ஏன் சாச்சா?"

"வாப்பாக்குக் கைல வருத்தம் மகள்."

"மொடமாப் போனாலும் ஒங்கட கைதான்."

ஹாஜியார் மரியநாயகத்தின் வேலைத்தளத்துக்கு ஓடினார். மரியநாயகம் கதிரையை நன்றாகத் தள்ளிப் போட்டு, தூர இருந்தே வரவேற்றார்.

"கரண்டுக்கு மண்ணுக்குப் போகணும் மொதலாளி. அதுக்குனு வச்ச வழிய வெட்டிட்டா, தொடுறவங்க ஒடம்பு வழியா போகும். மிஷின்ல வெட்டுன எடத்த நான் சேத்துட்டேன். அதனால அங்க நின்னது இப்ப ஒங்ககிட்ட நிக்கிது."

"எனக்கிட்டயும் சேத்து உடுங்க."

"ஒங்ககிட்ட எங்க வெட்டியிருக்குனு ஒங்களுக்குத்தானே தெரியும்?" மரியநாயகம் குரலைத் தாழ்த்தினார். "அந்த மிஷின்ல உக்காந்தது ஆரு மொதலாளி?"

ஹாஜியார் எழும்பிப் போனார்.

நிக்காஹ்வுக்கு முந்திய அந்தியில் கடையில் லைட் போனது. வேலைக்காரர்கள் போயிருந்தார்கள். வெளியே மழை, ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கதவைப் பூட்டத் திரும்பிய ஹாஜியாரின் காதில் இன்னொரு சத்தம் விழுந்தது.

டக். டக். டக்.

முன்கண்ணாடிக்குள் மிஷின் தைத்துக்கொண்டிருந்தது.

ஊசிக்குக் கீழே பாதியில் நின்றிருந்த அந்த வெள்ளைத் துணி மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தது. எண்ணெய் மணத்தோடு கருகல் மணம் வந்தது. பெடலுக்குப் பக்கத்தில், சிமெந்துத் தரையில் ஈரமான பாத அடையாளம் இரண்டு. பெண் பாதங்கள். வெறும் பாதங்கள்.

"நானா..."

ஓர் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், மிகவும் பக்கத்தில்.

"மிஷின் கடிக்கிது நானா."

றலியாவின் குரல். அவள் அந்தக் கடையில் தைத்தவள், சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில் நெஞ்சு வருத்தம் வந்து, மாரடைப்பில் இறந்தாள் என்று ஊர் நம்பியவள். அந்த நோன்பு மாதம் முழுக்க இதே வார்த்தையைத்தான் சொன்னாள், இதே மரியாதையோடு. கடை வேலை முடிந்தபின், தன் மகள் மஸாஹிராவின் நிக்காஹ் உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். கூரை ஒழுகித் தரை நனைந்திருந்தது. ஹாஜியார் அவளிடம் என்ன சொன்னார் என்பது அவருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த விசயம்.

டக். டக்.

"எண்ட மகள்ட நிக்காஹ்வ நான் பாக்கல்ல நானா," என்றது குரல். "ஒங்கட மகள்ட நிக்காஹ்வுக்கு வாறன்."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. திரைக்கு அப்பால் பெண்கள். ஹாஜியார் வாசலில் செருப்பைக் கழற்றியாக வேண்டும். வுழூச் செய்து கழுவிய ஈரக் காலோடு தரையில் மிதிக்க வேண்டும். கலிமாவைச் சொல்லிக்கொண்டே மிதித்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பயம் முழுதாக வந்தது. அவரை அடிக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை.

மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். மௌலவி குனிந்து பார்த்தார்.

"ஹாஜியார், கைல என்னா ஒறை?"

"சிரங்கு மௌலவி."

"நிக்காஹ்வுக்குச் சிரங்கு தடையில்ல. ரப்பரக் கழட்டுங்க."

சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஹாஜியார் ஒவ்வொரு விரலாக, முடிந்தவரை மெதுவாகக் கழற்றினார். ஆகிப் வெட்கச் சிரிப்போடு கையை நீட்டினான். மருதாணி வைக்காத, மெலிந்த, நல்ல கை. அது கிட்ட வர வர, அந்தப் பையனின் முன்கையில் இருந்த முடியெல்லாம் எழும்பி நின்றன.

மேலே மின்விசிறிகள் சுற்றுவது குறைந்தது.

கருகல் மணம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்கு மட்டும் வந்தது.

ஹாஜியாரின் கை அவருடைய சொல் கேட்கவில்லை. தானாக முன்னே போனது. விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் போகிற இடம்தான் மிச்சம்.

"நானா," என்றது காதுக்குள். "பிடிங்க."

"றலியாக்கு நெஞ்சு வருத்தம் இல்ல!"

பள்ளியே அதிர்ந்து அடங்கியது. தான்தான் கத்தினோம் என்று ஹாஜியாருக்கே பிறகுதான் தெரிந்தது.

"எர்த் வயர வெட்டின பாஸ் ஒருத்தருமில்ல. நான்தான் வெட்டின. கடிக்கிதுண்டு அவ ஒவ்வொரு நாளும் சொன்ன. செருப்பப் போட்டுட்டுத் தைங்கண்டு நான் சிரிச்ச. மௌத்தாகிக் கெடக்கக்குள்ள மொதல்ல பிளக்கக் கழட்டின. பொறகுதான் ஆளக் கூப்பிட்ட. நெஞ்சு வருத்தம்ண்டு சொல்லி அஸருக்கு முந்தி அடக்கின."

மின்விசிறிகள் பழைய வேகத்துக்கு வந்தன. அவருடைய உடம்பிலிருந்து என்னவோ கால் வழியாகத் தரைக்குள் இறங்கிப் போனது. இத்தனை நாள் இருந்தது தெரியாத பாரம், போகும்போது தெரிந்தது. அழுதுகொண்டே, நிம்மதியோடு, மருமகனின் கையைப் பிடிக்க எட்டினார்.

ஆகிப்பின் வாப்பா மகனின் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

திரைக்கு அப்பால் ஒரு பெண் விம்மும் சத்தம். அது றலியாவின் மகள் மஸாஹிரா. பிறகு நதாவின் குரல் கேட்டது. அழாத, காய்ந்த குரல்.

"சாச்சா கை குடுக்கட்டும்."

பஹீம் வந்து உட்கார்ந்தார். நிக்காஹ் நடந்தது.

பொலிஸில் வாக்குமூலம் கொடுத்து, பிணையில் வந்து, வழக்குக்குத் தவணை தவணையாகப் போய்க்கொண்டு ஹாஜியார் கடையைத் திறந்து வைத்திருந்தார். ருஷ்தா தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நதா அக்குறணையிலிருந்து போன் கோல் எடுப்பதில்லை. ஸலாம் சொல்லிக் கையை நீட்டினால், ஆட்கள் வாயால் மட்டும் பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். மரியநாயகம் ஒருவர்தான் வந்தார். மணிக்கட்டில் டெஸ்டரை வைத்தார். பற்றவில்லை.

"சுத்தமா எறங்கிருச்சு மொதலாளி."

ஹாஜியார் கையை நீட்டினார். மரியநாயகம் டெஸ்டரைப் பைக்குள் வைக்க இடம் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு, "வேல கெடக்குங்க," என்று இறங்கிப் போனார்.

ஒரு பின்னேரம் நல்ல மழை. கடையில் ஒரு குருவியும் இல்லை. ஹாஜியார் மேசையில் தலையைக் கவிழ்த்து, வலது கையைப் பழக்கதோசத்தில் நீட்டியபடி கிடந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா."

"வஅலைக்கும் ஸலாம்," என்றார் தலையை எடுக்காமல்.

ஒரு கை வந்து அவருடைய கைக்குள் நுழைந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு மனிதக் கை! இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். குளிர்ந்த கை. ஆட்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்திக் குத்திக் காய்ந்த தழும்பு.

அந்நிய ஆம்பிளைக்கு எந்தப் பொம்பிளையும் கை கொடுக்க மாட்டாள் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

நிமிர்ந்தார். கடையில் யாரும் இல்லை.

கை மட்டும் இருந்தது.

இழுத்துப் பார்த்தார். அது விடவில்லை. கரண்ட் பிடித்தால் எப்படி விடாதோ, அப்படி.

இப்போதும் நீங்கள் கண்டிப் பக்கம் போனால் பஹ்மி ஹாஜியாரைக் காணலாம். வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, விரல்களை மடக்கியபடி நடப்பார். நடைபாதையில் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடப்பார். மழை என்றால் குடை வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அவருடைய இடது தோள் நனைந்துகொண்டு வரும். த்ரீவீல் ஆட்டோவை மறித்தால் உடனே ஏற மாட்டார். ஒதுங்கி, யாரையோ முதலில் ஏற விடுவதுபோல் கொஞ்சம் பொறுத்து நிற்பார். சாரதிகள் பழகிவிட்டார்கள், ஒன்றும் கேட்பதில்லை. கண்ணாடியிலும் பார்ப்பதில்லை.

அவர் ஏறுவதற்கு முன்பே த்ரீவீல் ஒரு தடவை தாழும்.