நிறுத்தாமல் ஓட்டிய வண்டி

சாவு வீட்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியபோதுதான் வலப்பக்கத்துப் பின்கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது மெல்சோருக்குத் தெரிந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது தொப் தொப்பென்று அடித்துக்கொண்டது. அந்தக் கதவை அவன் திறக்கவே இல்லை. பெட்ரோல் கேன் இரண்டையும் இடப்பக்கமாகத்தான் ஏற்றினான். வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பின்னால் நீட்டினான். கை எட்டுவதற்குள் கதவு ஒருமுறை அகலத் திறந்து, சட்டென்று சாத்திக்கொண்டது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் இழுத்துச் சாத்துவதுபோல் ஒழுங்காக, கொக்கி விழும் சத்தத்தோடு.

காற்றுதான் என்று அவன் சொல்லிக்கொண்டான். நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன, வெளியே தூறல், கடல் பக்கமிருந்து காற்று. காற்றைச் சொல்லிக்கொள்வதில் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை, அதைவிடப் பெரிய கவலை ஒன்று முன்னால் காத்திருந்தது.

ரோசெண்டாவுக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். மருத்துவச்சி பிலார் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலத்தைப் போன வாரத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பது வளைகுடாவைக் குறுக்கே கடக்கும் படகு. படகில் சொட்டு பெட்ரோல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு மெல்சோர் பெட்ரோல் பங்குக்கு ஓடினான்.

எவ்வளவு அவசரமானாலும் பங்கில் அவன் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டான். கேன்களை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்பச் சொன்னான். கழுத்துவரை வேண்டாம், மூச்சுவிட இடம் இருக்கட்டும் என்றான். மூடியைத் திருகி, சாய்த்துப் பார்த்து, பின்சீட்டுக்கு முன்னால் கால்வைக்கும் இடத்தில் நிமிர்த்தி வைத்து, ஈரச் சாக்கை இடுக்கில் திணித்து, அசையாமல் கயிறு போட்டுக் கட்டினான். பங்குப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலி செய்யவில்லை. இவன் யாருடைய மச்சான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரோசெண்டாவின் அண்ணன் எஃப்ரேன் இதே பங்கில்தான் இதே படகுக்கு பெட்ரோல் வாங்கினான். அன்றைக்கும் மழை. நனையாமல் இருக்கக் கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டு, வழியில் இறங்கி ஒரு கிண்ணம் கோழிக் கஞ்சி குடித்தான். கஞ்சி குடித்து முடிப்பதற்குள் மூடிய வண்டி முழுக்கப் பெட்ரோல் ஆவி. திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தி, வாயில் சிகரெட்டை வைத்து, தீக்குச்சியை உரசினான். உடனே சாகவில்லை. அதுதான் கொடுமை. மூன்று நாள் தங்கச்சியைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். நிறைமாதக்காரியிடம் யார் சொல்வது? அண்ணனுக்குக் கையில் சின்னத் தீக்காயம், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவன் செத்துப் பெட்டிக்குள் போன பிறகும் அதையேதான் சொன்னார்கள்.

பங்கிலிருந்து திரும்புகிற வழியில்தான் எஃப்ரேனின் சாவு வீடு. கூடாரம் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. கீழே சீட்டாட்டம், பிஸ்கட், கொதிக்கக் கொதிக்கக் காப்பி. ஊர்ந்துதான் போயாக வேண்டும். மாமியார் தியோடோரா நடுச்சாலையில் வந்து நின்றுவிட்டாள். சொந்த மச்சான் வாசலோடு போவதா? மெல்சோர் அடுப்புக்கு எட்டாத தூரத்தில் மரத்தடியில் வண்டியை விட்டு, பங்காளி ஒருவனைக் காவல் வைத்துவிட்டு, உள்ளே போய் மூடிய பெட்டியின்மேல் கை வைத்தான். பெட்டிக்குள் முகம் தெரிய வைத்திருக்கும் கண்ணாடியைத் துணிபோட்டு மறைத்திருந்தார்கள். ரோசெண்டாவுக்கு வலி எடுத்ததைச் சொன்னான். கிழவி அழவில்லை.

"அவன் தங்கச்சியப் பாக்காம இங்க நிம்மதியா படுக்க மாட்டேங்கறான் தம்பி. ராத்திரியெல்லாம் பெட்டி கிறீச்சுங்குது," என்றாள்.

சாவு வீட்டுக்காரர்கள் வந்தவரை வாசல் தாண்டி வழியனுப்பக் கூடாது. கிழவிக்கு அது தெரியாததல்ல. இருந்தும் அவன் பின்னாலேயே கார்வரை நடந்து வந்தாள். அவன் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்று அவன் பார்க்கவில்லை.

இப்போது நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பை உடனே விட்டான்.

சாவு வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். வழியில் எங்காவது இறங்க வேண்டும். கடையில் ஒரு மிட்டாய் வாங்கினாலும் போதும், வாசலில் கொஞ்சம் நின்றாலும் போதும். கூட வந்தது அங்கேயே தங்கிவிடும். இல்லாவிட்டால் வீட்டு வாசல்வரை வந்து, வீட்டில் யார் பலவீனமாக இருக்கிறார்களோ அவர்களோடு ஒட்டிக்கொள்ளும். மெல்சோர் இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவன் இல்லை. ஆனால் ஒருமுறைகூட மீறியதும் இல்லை, ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

மூங்கில் பாலம் தாண்டி இருந்த சாப்பாட்டுக் கடையில் நிறுத்தலாம் என்று முடிவு செய்தான். வழக்கமாக அங்கேதான் நிறுத்துவார்கள். கடை தெரிந்ததும் காலை பிரேக்குக்குக் கொண்டுபோனான். வாசலிலேயே தகரத் தொட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. கடைக்காரி விசிறியால் வீச, பன்றி இறைச்சிக் குச்சிகளுக்கு அடியிலிருந்து பொறிகள் எழும்பிச் சாலைமேலேயே பறந்தன. பின்னால் இரண்டு கேன் பெட்ரோலை வைத்துக்கொண்டு அங்கே நிறுத்துகிறவனுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும். காலை எடுத்துவிட்டான்.

அடுத்தது பஸ் நிழற்குடை. அங்கே மழைக்கு ஒதுங்கிய நாலு பேர், நாலு பேர் வாயிலும் சிகரெட். அதற்கடுத்தது சின்ன தேவாலயம். அதன் படியெல்லாம் மெழுகுவத்திகள், காற்றில் படுத்துப் படுத்து எழுந்தன. இந்த ஊரில் நெருப்பில்லாமல் மனிதர்கள் எங்கேயும் ஒதுங்குவதில்லை என்பதை மெல்சோர் முதல்முறையாகக் கவனித்தான். தென்னந்தோப்பு ஓரமாக, ஆளே இல்லாத இடத்தில், ஒரு நிமிடம் நிறுத்தி இறங்கினால் என்ன? அதுவும் ஒரு நிறுத்தம்தானே. ஒருவழியாக அப்படி முடிவு செய்து வேகத்தைக் குறைத்தான். ஜன்னல் வழியே வந்த காற்று மெல்லத் தணிந்தது, தூறலின் சத்தம் தெளிவாகக் கேட்டது, ஈரச் சாக்கின் வாடை, பெட்ரோலின் இனிப்பு வாடை, அதற்கடியில் இன்னொன்று, கோழியின் இறகைப் பொசுக்கும்போது வருமே, அந்த வாடை.

சர்க்.

பின்சீட்டிலிருந்து.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். படகில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். நமத்துப்போன தீக்குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் உரசும் சத்தம். எஃப்ரேனின் தீப்பெட்டி எப்போதும் கால்சட்டைப் பையில் நமத்தே கிடக்கும். லைட்டர் வாங்கிக்கொள்ளேன் என்று ஊரே சொன்னது, அவன் கேட்டால்தானே.

சர்க்.

மெல்சோர் வேகத்தைக் கூட்டினான். காற்று திபுதிபுவென்று உள்ளே நுழைந்தது. சத்தம் நின்றது.

வாய்விட்டு ஜெபம் சொன்னான், வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. முன்கண்ணாடிக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியைக் கையால் தட்டி மேலே திருப்பினான், அதில் பின்சீட்டு தெரிந்துவிடக் கூடாது. காற்று இருக்கும்வரை குச்சி பற்றாது. வண்டி ஓடும்வரை காற்று இருக்கும். நிறுத்தினால் எஃப்ரேன் இறங்கிவிடக்கூடும், ஆனால் நிறுத்துகிற அந்த ஒரு நிமிடத்தில் காற்று இருக்காது. மெல்சோர் பயந்தான். தனக்காக மட்டுமில்லை. தான் வெந்துபோனால் ரோசெண்டாவைக் கடல் கடத்த ஆளில்லை, அவளும் வயிற்றில் இருப்பதும் அந்தக் கரையிலேயே முடிந்துபோவார்கள். அதனால் ஓட்டினான். கோழிகளைச் சிதறடித்து, பள்ளங்களில் எகிறி, கேன்களுக்குள் பெட்ரோல் தளும்பும் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டினான்.

மேட்டில் வண்டி திணறும்.

சர்க்.

இறக்கத்தில் வேகம் பிடிக்கும். சத்தம் இருக்காது.

எருமை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்.

சர்க். சர்க்.

"மச்சான், வேண்டாம். உன் தங்கச்சிக்கு வலி எடுத்திருக்கு," என்றான் மெல்சோர். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

அதற்குப் பிறகு உரசல் கேட்கவில்லை. சொன்னது புரிந்துவிட்டது என்று நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

கரைக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. வண்டி நின்றதும் கதவைத் திறந்து வெளியே விழுந்தடித்து ஓடி, தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் யாரும் இல்லை. வலப்பக்கத்துக் கதவு அகலத் திறந்து கிடந்தது. சீட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம். தூறல் அடித்திருக்கலாம். ஒட்டி வந்தது உதிரட்டும் என்று மெல்சோர் சட்டையைக் கழற்றி உதறினான். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின்மேல் உட்கார்ந்து, இதுவும் ஒரு நிறுத்தம்தான், இங்கேயே இறங்கிக்கொள் மச்சான் என்று மனசுக்குள் கெஞ்சினான். வீடு தோப்புக்குப் பின்னால் இருக்கிறது, இது வீடில்லை, வெறும் கரை. கணக்கு சரியாக வந்ததில் அவனுக்குத் தெம்பு வந்தது.

ஆனால் ரோசெண்டா வீட்டில் இல்லை. பிலார் ஆட்களை வைத்து அவளைத் தூக்கிவந்து படகிலேயே படுக்கவைத்திருந்தாள். மழைக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் விரிப்பைக் கூடாரம்போல் கட்டி, மூன்று பக்கமும் இறக்கிவிட்டிருந்தார்கள். தூக்கி வந்தவர்கள் போய்விட்டார்கள். மெல்சோர் கேன்களை மணலில் இறக்கிவைத்துவிட்டு, நிரப்பி முடிக்கும்வரை அவளை வெளியே எடு என்று பிலாரிடம் சொன்னான். படகில் ஆளை வைத்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றக் கூடாது.

"பனிக்குடம் உடைஞ்சாச்சு. இனி அவள அசைச்சா பிள்ளை உசுரோட இருக்காது. நீ ஊத்து," என்றாள் பிலார்.

டார்ச்சும் உலர்ந்த துணியும் எடுத்துவர அவள் தோப்புக்குள் ஓடினாள். மெல்சோர் இடுப்பளவு நீரில் நடந்து படகின் பின்பக்கம் ஏறி, புனலை வைத்து, முதல் கேனைச் சாய்த்தான். அலை தூக்கியது. கொஞ்சம் பெட்ரோல் சிந்தி, படகின் அடிப்பலகையில் தேங்கியிருந்த தண்ணீரோடு கலந்து, வண்ண வண்ணமாக விரிப்புக்கு அடியில் ஓடியது. வாடை தலையைச் சுற்றியது. துடைக்கக் கையில் துணி இல்லை. துடைக்க நேரமும் இல்லை. விரிப்புக்குள் ரோசெண்டா முனகிக்கொண்டிருந்தாள். அந்த முனகலே அவனுக்குத் தைரியமாக இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் விளக்குகள் தெரிகின்றன, கேன் பாதி காலியாகிவிட்டது.

முனகல் நின்றது.

அவள் பேசினாள். குரல் களைத்திருந்தாலும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"அண்ணனக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

மெல்சோரின் கை உறைந்தது. புனலிலிருந்து பெட்ரோல் வழிந்தது. விரிப்பின் ஓரத்தை விலக்கினான்.

ரோசெண்டா முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தாள். எதிர்ப்பலகை காலியாக இருந்தது. அதற்கு நேராக இரண்டு உள்ளங்கைகளையும் கூட்டி, குவித்து, நீட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து கடலில் அண்ணன் உரசும் குச்சி காற்றில் அணையாமல் அவள் அப்படித்தான் மறைத்துக் கொடுப்பாள்.

"ரோசெண்டா. கையை எடு."

"பாவம், கையெல்லாம் கட்டு போட்டிருக்கு அவனுக்கு. இருண்ணே, காத்து அடிக்குது. நான் மறைச்சுக்கறேன்."

விரிப்புக்குள் காற்றே இல்லை.

சர்க்.

"ரோசெண்டா."

சர்க்.

அவளுடைய விரல் இடுக்குகள் உள்ளிருந்து ஒவ்வொன்றாகச் சிவந்தன.