வடம் இறுகும்போது

பேய்க் கதை என்றால் அமாவாசையும் நரி ஊளையும் வேண்டும் என்பார்கள். இது நடந்தது முழுவதும் பட்டப்பகலில். எங்கள் பக்கத்தில் நள்ளிரவைக் காட்டிலும் உச்சிப்பொழுதுக்குத்தான் ஜனங்கள் கூடுதலாகப் பயப்படுவார்கள். தேரி என்னும் செம்மணல் காட்டுக்குள் ஒருதரம் தனியாக நடந்து பார்த்தவர்களுக்கு அதற்கான காரணம் தெரியும்.

உடன்குடி தாண்டித் தேரிக்குள் இறங்கியதும் மாட்டுவண்டியின் சக்கரம் செம்மணலில் புதைந்தது. வெள்ளத்துரையும் அவன் மச்சினன் செந்தூர்பாண்டியும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். மாடு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. இருவரும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். காலுக்குக் கீழே மணல் நெருப்பாகச் சுட்டது. நாலாபுறமும் சிவந்த மேடும் பனையும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. காற்று வீசும்போதெல்லாம் மணல் மெல்லிய சத்தத்துடன் இடம் மாறிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் வந்த காலடித் தடம் அழிந்திருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தூத்துக்குடியில் தோணித்துறைக்கு முட்டுக்கொடுக்கப் பனந்தடி நிறையத் தேவைப்பட்டது. தேரியில் பனைக்குப் பஞ்சமில்லை. வெட்டிய தடியை வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. மாடு இழுத்தால் மாடு புதையும், ஆள் சுமந்தால் ஆள் புதைவான். அதனால் ஒரு கண்டிராக்டர் கழித்துக்கட்டிய கப்பல் விஞ்சு ஒன்றைப் பாய்லரோடு கொண்டுவந்து ஒரு மணல்மேட்டின் அடியில் பனங்கட்டைகளில் பூட்டி நிறுத்தியிருந்தார். விஞ்சு என்பது பெரிய இரும்பு உருளை. நீராவி அதைச் சுற்றும். அதில் சுருண்டிருக்கும் கம்பி வடம், மேட்டுக்கு அப்பால் பள்ளத்தில் கிடக்கும் தடியை மணல்மேல் இழுத்துக்கொண்டு வரும்.

வெள்ளத்துரை கப்பல் விஞ்சிலேயே வளர்ந்தவன். செந்தூர்பாண்டி பள்ளத்தில் நின்று தடியில் வடத்தை மாட்டும் வேலைக்கு வந்தான். அவன் வெள்ளத்துரையின் மனைவி இசக்கித்தாய்க்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாதவனைக் குழந்தைபோல வளர்த்தவள் அவள். புறப்படும்போது புருஷனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

“அவன் போனபடியே திரும்பி வரணும். அவன் இல்லாம நீங்க மட்டும் வந்தா வாசப்படி ஏறாதீக.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது வெள்ளத்துரைக்குத் தெரியும்.

மேஸ்திரி ஜெயசிங் அவர்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். “வந்து சேந்தீகளா. முந்தி இருந்த டிரைவர் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். வேல அப்படியே கெடக்கு.”

“இங்கேருந்து பள்ளம் தெரியலியே அண்ணாச்சி,” என்றான் வெள்ளத்துரை. “இழுக்கவா நிறுத்தவான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“கீழ இருந்து கத்துவாங்க. இழுக்கணும்னா ‘இழு’ம்பான். தளத்தணும்னா ‘விடு’ம்பான். இதுல என்ன பெரிய சாஸ்திரம்?”

மறுநாள் வேலை தொடங்கியது. பாய்லரில் உடைமர விறகு எரிந்தது. உருளை முனகிக்கொண்டு சுற்றியது. காலைப் பொழுது முழுவதும் ஒரு குறையும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது காற்று நின்றது. மணலின் சத்தமும் நின்றது. புளித்த பதநீரின் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது.

“விடு.”

குரல் மேட்டுக்கு அப்பாலிருந்து வந்தது. வெள்ளத்துரை உடனே நீராவியை அடைத்து வடத்தைத் தளர்த்தினான். சற்று நேரத்தில் செந்தூர்பாண்டி மேட்டின்மேல் தலையை நீட்டினான்.

“என்னத்தான், பாதியில விட்டுட்டீக?”

“நீதானல விடச் சொன்ன.”

“நான் வாயே தொறக்கலியே.”

செந்தூர்பாண்டி சிரித்துக்கொண்டு இறங்கிப் போனான். வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளும் உச்சிக்கு அதே வாடை, அதே குரல். அதற்கடுத்த நாள் மேட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது. மேஸ்திரியிடம் சொன்னான்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,” என்றார் ஜெயசிங்.

“இங்கன எங்க அண்ணாச்சி இருண்டிருக்கு?”

ஜெயசிங் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் நடையில் இருந்த அவசரத்தை வெள்ளத்துரை கவனித்தான்.

பாய்லருக்குத் தண்ணீர் சுமந்து வருபவள் சந்தனமாரி. வாய் பேசாத பொம்பிளை என்றுதான் வெள்ளத்துரை முதலில் நினைத்தான். தண்ணீரை ஊற்றியபின் அவள் உடனே போவதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, விஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் நிற்பாள். அன்று அவளே பேசினாள்.

“உங்களுக்குக் கேக்குதா அண்ணாச்சி?”

“என்னது?”

“விடுன்னு.”

வெள்ளத்துரை கையிலிருந்த விறகைக் கீழே வைத்தான்.

“அவிய என் வீட்டுக்காரரு,” என்றாள். “காசிலிங்கம்னு பேரு. முந்தி பனையேறி, பதநீர் எறக்குனாவ. பெறகு பள்ளத்துல வடம் மாட்டுற வேல. ஒருநா கால் வடத்துக்குள்ள மாட்டிக்கிட்டு. ‘விடு விடு’ன்னு கத்தியிருக்காவ. எஞ்சின்ல இருந்தவன் மில்லர்புரத்துக்காரன், லாரி ஓட்டினவன். லாரிக்காரனுக்கு விடுன்னா வண்டிய எடுன்னுதான அர்த்தம்? கத்தக் கத்த வேகத்தக் கூட்டிட்டான். தடியோட சேத்து மேடு வரைக்கும் இழுத்துட்டான்.”

அவள் குரல் உடையவில்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

“அவன் வேணும்னு செய்யல. ஒரு சொல்லு மாறிப்போச்சு, அவ்வளவுதான். பெறகு அவனுக்குத் தெனமும் கேட்டுச்சாம். ஓடிப் போயிட்டான். இப்ப உங்களுக்குக் கேக்கு. கட்டிக்கிட்ட எனக்குக் கேக்க மாட்டேங்கு. ஒருதரமாச்சும் கேக்காதான்னுதான் இங்கன தண்ணி சுமக்கேன்.”

அவள் போனபிறகு வெள்ளத்துரை மேட்டில் ஏறிப் பள்ளத்தைப் பார்த்தான். மச்சினனைக் கூட்டிக்கொண்டு அப்போதே ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் மணல்மேட்டுப் பேய்க்குப் பயந்து ஓடிவந்தவன் என்று துறைமுகத்தில் பெயரெடுக்க அவனுக்கு மனசில்லை. கோளாறு சொல்லில்தானே, சொல்லை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தான். புத்திசாலிகள் குழியில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மறுநாள் காலையில் செந்தூர்பாண்டியை விஞ்சின் பக்கத்திலேயே நிறுத்திச் சொன்னான்.

“ஏலே, கப்பல்ல வடத்தத் தளத்தணும்னா ‘ஆரியா’ம்பாங்க. இனி நீயும் அதத்தான் சொல்லணும். விடுங்கிற பேச்சே கூடாது. விடுன்னு கேட்டா அது செத்தவன் குரல்னு நான் காதுல போட்டுக்க மாட்டேன். எங்க, சொல்லு பாப்போம்.”

“ஆரியா.”

“இன்னும் சத்தமா.”

“ஆரியா!”

பலமுறை சொல்ல வைத்தான். உருளையில் சுருண்டிருந்த வடம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

அதன்பிறகு வேலை தடங்கலில்லாமல் நடந்தது. உச்சிப்பொழுதில் வாடை வரும். “விடு” என்று குரல் வரும். வெள்ளத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பான். குரல் கெஞ்சும். சில நாள் விசும்பும். அவனுக்குப் பயத்தைவிடப் பாவமாகத்தான் இருந்தது. வலிக்கிறது என்று கெஞ்சுகிறவனைத் தினமும் இழுக்கிறோமே என்று ராத்திரிச் சோறு இறங்காது. ஆனாலும் கீழே நிற்பவன் இசக்கித்தாயின் தம்பி. உயிருள்ளவனுக்குத்தானே முதலில் காது கொடுக்க வேண்டும்.

அன்று மாட்டியது பெரிய தடி. வழியில் ஏதோ அடிக்கட்டையில் சிக்கி நின்றது. வெள்ளத்துரை நீராவியைக் கூட்டினான். வடம் விறைத்து, அதிலிருந்து ரீங்காரம் எழும்பியது. உருளை நடுங்கியது.

“விடு!”

வழக்கமான குரல்தான். இன்று கொஞ்சம் உரக்கக் கேட்டது.

“விடு! விடு!”

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தடி அசைந்து கொடுத்தது. வடம் அங்குலம் அங்குலமாக உருளையில் ஏறியது. பதநீர் வாடை இதற்குமுன் இத்தனை நெருக்கத்தில் வந்ததில்லை. பக்கத்தில் யாரோ வாயைத் திறந்துகொண்டு நிற்பதுபோல இருந்தது.

“விடு...”

இன்னும் கொஞ்சம்தான். அவன் லிவரை அழுத்திப் பிடித்தான்.

அப்போது அவன் வலது காதுக்குள், எழுத்துக்கூட்டிப் படிப்பவனைப்போல, தயங்கித் தயங்கி ஒரு குரல் சொன்னது.

“ஆ... ரி... யா.”

வெள்ளத்துரையின் கை தானாக லிவரைத் தள்ளியது. வடம் தொய்ந்து மணலில் விழுந்தது.

எல்லாம் அடங்கிவிட்டது.

அவன் மேட்டின்மேல் விழுந்தடித்து ஏறினான். பள்ளத்துச் சரிவில் தடிக்குப் பக்கத்தில் செந்தூர்பாண்டி குப்புறக் கிடந்தான். அவன் கணுக்காலைச் சுற்றி வடம் சுருக்கிட்டிருந்தது. பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாய் நிறையச் செம்மணல்.

“மாப்ள... ஏலே மாப்ள...”

அவன் மணலைத் துப்பிவிட்டு மூச்சு வாங்கினான். “தொண்ட கிழியக் கத்தினேனேத்தான். விடு விடுன்னு.”

“கடேசில ஆரியான்னு சொன்னேல்லா?”

செந்தூர்பாண்டி அவனை வெறித்துப் பார்த்தான். “அந்தச் சொல்லு அந்நேரத்துக்கு எங்கத்தான் வாயில வருது?”

அதுதானே. உயிர் போகிற நேரத்தில் எவன் கற்றுக்கொடுத்த சொல்லில் கத்துவான்? வெள்ளத்துரை மச்சினனைக் கட்டிக்கொண்டு, மேஸ்திரியும் ஆட்களும் ஓடிவருவதைப் பார்த்த பிறகும், வெட்கப்படாமல் அழுதான்.

சாயங்காலம் செந்தூர்பாண்டியைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். சந்தனமாரி வண்டிப் பக்கம் வந்து நின்றாள்.

“அவிய என்ன சொன்னாவ அண்ணாச்சி?”

“ஆரியான்னாரு, தங்கச்சி. எங்க குடும்பத்துக்கே உயிர் குடுத்தாரு.”

“அந்தச் சொல்லு அவியளுக்குத் தெரியாதே. யாரு சொல்லிக் குடுத்தா?”

வெள்ளத்துரை விஞ்சைத் திரும்பிப் பார்த்தான். விஞ்சின் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

“உங்க மச்சினனுக்காகச் சொன்னாவளா, வலி பொறுக்காமச் சொன்னாவளா, யாரு கண்டா,” என்றாள் அவள். “இழுபட்டுச் செத்தவியளுக்கு எந்த வடம் இறுகினாலும் தாங்காது. நீங்க ஒருத்தருதான் அவிய பேச்சக் கேட்டு வடத்த விட்டிருக்கீக. இனிமே இங்கன என்னத்துக்கு இருப்பாவ?”

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். செந்தூர்பாண்டியையோ வெள்ளத்துரையையோ பார்க்கவில்லை. அவர்களுக்கு நடுவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடத்தை எடுக்காமலே நடந்தாள்.

கால் கூடிவரச் சில மாதங்கள் ஆயின. செந்தூர்பாண்டிக்கு நொண்டல் நிலைத்துவிட்டது. ஆனாலும் தம்பி உயிரோடு வந்தானே என்று இசக்கித்தாய் திருச்செந்தூருக்கு நடந்தே போய் வந்தாள். வெள்ளத்துரை பழையபடி கப்பல் விஞ்சுக்குத் திரும்பினான். சரக்குக் கப்பல்கள் கரைக்கு வராமல் கடலில் தூரத்தில் நிற்கும். மூட்டைகளைக் கப்பலிலிருந்து வடத்தில் தொங்கவிட்டுக் கீழே தோணியில் இறக்குவார்கள். நொண்டிக் காலோடு நடமாட்டம் குறைந்த வேலை அதுதான் என்று, தோணியில் நின்று கொக்கி கழற்றும் வேலையைச் செந்தூர்பாண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதல் நாள். நடுப்பகல். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அலையில்லாமல் கிடந்தது. வெள்ளத்துரை முதல் சுமையைத் தூக்கிக் கப்பலுக்கு வெளியே கொண்டுவந்தான். பத்துப் பன்னிரண்டு மூட்டைகள் அந்தரத்தில் தொங்கின. நேர் கீழே, தோணிக்குள், செந்தூர்பாண்டி குனிந்து, மூட்டைகளை இறக்கும் பாயை நகர்த்திக்கொண்டிருந்தான்.

“ஆரியா.”

வெள்ளத்துரையின் விரல்கள் தளர்ந்தன. அந்த நொடியில் சைகை காட்டுபவனைப் பார்த்தான். அவன் கப்பல் விளிம்பில் உள்ளங்கையை உயர்த்தி ‘பொறு’ என்று காட்டிக்கொண்டிருந்தான். அவன் வாய் நிறைய ஆத்தூர் வெற்றிலை இருந்தது. அவன் பேசவில்லை.

கடல் நடுவில் பதநீர் வாடை அடித்தது.

“ஆரியா.”

வெள்ளத்துரை லிவரை இரண்டு கையாலும் பிடித்தான். குரல் இப்போது எழுத்துக்கூட்டவில்லை. சொல் தெளிவாக வந்தது. தேரியில் ஒரு உயிரைக் காப்பாற்றிய சொல் இங்கே ஒரு உயிரை நசுக்கிவிடும். அது அந்தக் குரலுக்குத் தெரியவும் தெரியாது. அதற்கு வேண்டியதெல்லாம் வடம் தளர வேண்டும், அவ்வளவுதான்.

செந்தூர்பாண்டி பாயை விரித்துவிட்டு நொண்டி விலகினான். சைகைக்காரனின் உயர்ந்திருந்த கை கீழே இறங்கியது. வெள்ளத்துரை சுமையை மெல்ல மெல்ல இறக்கினான். மூட்டைகள் பாயில் அமர்ந்தன. வடம் தொய்ந்தது.

“அப்பாடா,” என்று அவன் காதோரம் ஒரு நீண்ட மூச்சு வந்தது.

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சைகைக்காரன், “என்னவே தூங்குதீரு? இன்னும் கப்பல் முழுசும் கெடக்கு, இழும்,” என்றான்.

அடுத்த சுமையைக் கொக்கியில் மாட்டியதும் வெள்ளத்துரை நீராவியைத் திறந்தான். வடம் இறுகியது. காதோரம் இருந்த மூச்சு திணறத் தொடங்கியது. கீழே செந்தூர்பாண்டி அடுத்த சுமையை வாங்குவதற்காக அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

“ஆரியா... ஆரியா...” என்று குரல் அழுதது.

லிவரைப் பிடித்திருந்த வெள்ளத்துரையின் உள்ளங்கை வியர்த்து வழுக்கத் தொடங்கியது.