ஈரம் காயாத வளைவு

அறுபத்து நாலாம் வருடச் சித்திரையில் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் நின்ற காங்கிரீட் வளைவுப் பாலத்தின் அடிப்பக்கத்தில் ஓரிடம் மட்டும் நனைந்திருந்தது. மேஸ்திரி மிக்கேல் குனிந்து முகர்ந்தார். நேற்றுக் கொட்டியது போலப் பச்சை சிமெண்டு வாசம். பாலம் கட்டிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது.

அந்த வட்டாரத்தில் எழுந்த முதல் காங்கிரீட் வளைவு அது. அதை நிறுத்திக் காட்டியவர் என்று ஊரே அவரைக் கும்பிட்டது. இப்போது அந்த ஈர இடத்தில் விரிசல் கண்டிருக்கிறது, பூசிவிட்டு வரச் சொல்லி அவரையே அனுப்பியிருந்தார்கள்.

அந்த இடத்தை அவர் மறந்ததில்லை. பாலம் கட்டும்போது, வளைவு கரையில் ஊன்றும் ஆழமான பலகை அடைப்புக்குள் அர்த்தநாரி கம்பி கட்ட இறங்கியிருந்தான். மழை இருட்டிக்கொண்டு வர, மேலே சாரத்தில் நின்றவர்கள் சட்டி சட்டியாகக் கலவையைக் கொட்டிக்கொண்டே இருக்க, சரிந்த கலவை அவனை இடுப்புவரை, பிறகு கழுத்துவரை மூடியது. பாதியில் நிறுத்தினால் வளைவு பிளந்துவிடும். எட்டிப் பார்த்தவர் மிக்கேல் மட்டுமே. ஒரு கை அவரை நோக்கி நீண்டது.

"கொட்டுங்கடா," என்றார்.

புருஷன் மைசூருக்கு ஓடிவிட்டான் என்று அர்த்தநாரியின் பெண்டாட்டி உண்ணாமலையிடம் சொன்னவரும் அவர்தான்.

"வாங்க மேஸ்திரி."

தூக்கிவாரிப் போட்டது. பாலத்தின் நிழலில் உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது.

"இங்க என்ன பண்றே?"

"தெனமும் வாரேனுங்க. ஊட்டுல பேச ஆருமில்லீங்க. இங்கதான் அவரு பேசுவாரு."

"ஆரு?"

அவள் வளைவில் நனைந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

அப்போதே உண்மையைச் சொல்லி அவர் அவள் காலில் விழுந்திருக்கலாம். வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, கலவையை அள்ளி விரிசலில் அப்பினார்.

பூச்சு உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது. மூச்சு வாங்குவதுபோல.

"சேசுவே..."

உள்ளங்கையால் அழுத்தினார். காங்கிரீட் இளகியது. கை உள்ளே போனது. குளிர். கம்பி. பிறகு விரல்கள். அவர் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள்.

இழுத்தார். வரவில்லை.

"உண்ணாமலை! கையைப் புடிச்சு இழு!"

அவள் எழுந்து வந்தாள். ஈரத்தில் கன்னத்தை வைத்து, உள்ளே இருந்தவனிடம் சொன்னாள்.

"உட்டுராதீங்க மாமா."

மணிக்கட்டைச் சுற்றிக் காங்கிரீட் இறுகத் தொடங்கியது.