வெப்ப அறையின் மணற்கடிகாரம்

புருஷன் செத்து நாலைந்து நாளாகியும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்து அழுதவர்களை அவள்தான் தட்டிக்கொடுத்து அனுப்பினாள். துப்பறிவாளரின் அறையில் உட்கார்ந்தபோது, கையில் கொடுத்த தேநீரின் சூடுகூட உறைக்கவில்லை.

அந்தத் துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். கூடவே திரியும் அவருடைய மைத்துனருக்குப் பெயர் வைக்க யாருக்கும் அவகாசம் கிடைத்ததில்லை; அதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

“நீச்சல் மன்றத்துல வேர்க்கறதுக்காக உட்காருவாங்களே, அந்த வெப்ப அறையில செத்துக் கிடந்தார்,” என்றாள். “நேரம் போனதே தெரியாம உட்கார்ந்துட்டார்னு மேலாளர் சொல்றார். வேணும்னேதான் உட்கார்ந்தார்னு என் கொழுந்தன் சொல்றான். அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை.”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

“நினைக்கவே வரலை. அவர் வெளிய வரணும்னு பார்த்தாரா, இல்லையா? அது தெரிஞ்சா போதும்.”

“என்ன வேலை பார்த்தார்?”

“ரயில்வேயில, சிக்னல் அறையில. எது கெட்டுப்போனாலும் முதல்ல மணி பார்ப்பார். குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி ஓடுது, இந்த மனுஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறார். கேட்டா, எப்ப ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் எப்படி ஆச்சுன்னு தெரியும்பார்.”

மைத்துனர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

மன்றத்தின் வாசலிலேயே மேலாளர் எதிர்கொண்டார். பேச்சிலேயே உருகிவிடுகிற மனிதர். “நம்ம ஆயுசு மணற்கடிகாரம் மாதிரிதாம்மா. முழுசா இறங்கிட்டா யார் என்ன செய்ய முடியும்?”

இந்த மாதிரி ஆறுதல்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. நிதானம் மட்டும் நின்றார். “பேச்சுக்குச் சொல்றீங்களா, பார்த்ததைச் சொல்றீங்களா?”

“பார்த்ததுதான் சார். உள்ள சுவர்ல ஒண்ணு மாட்டியிருக்கு. உள்ள போறவங்க அதைத் திருப்பி விட்டு உட்காருவாங்க. மணல் இறங்கினதும் எழுந்து வந்துடணும். நான் கதவைத் திறந்தப்ப மொத்தமும் இறங்கிக் கிடந்தது. பாவம், அவர் கவனிக்கலை.”

“அதுக்கப்புறம் யாராவது உள்ள போனாங்களா?”

“ஆம்புலன்ஸ் கிளம்பினதுமே போலீஸ் பூட்டி சீல் வெச்சுட்டாங்களே.”

காவலர் வந்து சீலை உடைத்தார். கொழுந்தனும் வந்து ஓரமாக நின்றான். அவள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். சூட்டில் கறுத்துப்போன மரப்பலகைகள். உள்ளே இருப்பவர் தன் பக்கமாக இழுத்தால்தான் திறக்கும் கதவு. அதன் உட்புறக் கைப்பிடி மட்டும் கறுக்காத வெளிர் மரத்தில் புதிதாக இருந்தது. நேர்கீழே தரையில் ஒரு சிட்டிகை மரத்தூள். சுவரில் நடு ஆணியில் சுழலும் மணற்கடிகாரம், செங்குத்தாக இல்லாமல் படுக்கைவாட்டில் நின்றது. மணல் இரண்டு குமிழிலும் இருந்தது.

“யாரோ இடிச்சுட்டுப் போயிருக்காங்க, அத்தான்!” என்ற மைத்துனர், தோளால் இடித்தும் பார்த்தார். கடிகாரம் அசையவில்லை. தோள்தான் வலித்தது.

நிதானம் எல்லோரையும் முன்கூடத்தில் உட்காரச் சொன்னார்.

“இந்த அறையைத் தினமும் கழுவுவீங்களா?”

“காலையில திறந்ததுமே,” என்றார் மேலாளர்.

“அப்படின்னா அந்த மரத்தூள் அன்னைக்குத்தான், புதுக் கைப்பிடிக்குத் துளை போட்டப்ப விழுந்தது. அவர் மணலைத் திருப்பி விட்டு உட்கார்ந்தார். பாதி இறங்கறதுக்குள்ளேயே போதும்னு எழுந்துட்டார். கதவை இழுத்தார், கைப்பிடி கையோட வந்துடுச்சு. தள்ளித் திறக்கற கதவா இருந்தா தோள் கொடுத்திருக்கலாம். இழுக்கறதுக்குப் பிடி வேணுமே. கத்தியிருப்பார், குளத்துச் சத்தத்துல யாருக்கும் கேட்கலை. கையில கடிகாரம் இல்லை, எழுத பேனா இல்லை. சிக்னல் அறைக்காரர் என்ன செய்வார்? மணலைப் படுக்கப் போட்டு நிறுத்திட்டார். எப்ப ஆச்சுன்னு குறிச்சு வெச்சுட்டார்.”

பக்கத்து வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மணல் மொத்தமும் இறங்கிக் கிடந்ததுன்னீங்க,” என்று மேலாளரைப் பார்த்தார் நிதானம். “நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உங்க கண்ணெல்லாம் கதவுமேல. சீல் வெச்ச பிறகு உள்ள போக முடியாது. அப்ப புதுக் கைப்பிடியை எப்ப மாட்டினீங்க?”

மைத்துனர் துள்ளி எழுந்தார். “ஆம்புலன்ஸைக் கூப்பிடறதுக்கு முன்னாடி!”

மேலாளர் கைகூப்பினார். “பழைய பிடி ஆடுதுன்னு முன்னாடியே சொன்னாங்க. நாளைக்கு, நாளைக்குன்னு... மன்றத்தையே மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன் சார்.”

காவலர் அவர் தோளில் கை வைத்தார். கொழுந்தன் அவளருகே வந்து, “அண்ணி, நான் வாய்க்கு வந்தபடி...” என்று தொடங்கினான். அவள் அவனை விலக்கிவிட்டு மேலாளருக்கு முன்னால் போனாள்.

“நீங்க கைப்பிடி மாட்டிக்கிட்டிருந்தப்ப, அவருக்கு மூச்சு இருந்ததா?”

மேலாளர் குனிந்துகொண்டார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். குரலை உயர்த்தாமல் மறுபடியும் அதையே கேட்டாள்.